பந்தியில் ஓர் இடம்

ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்றிதழ் தரவேண்டும். விரல்ரேகை பதிந்தால் போதும், நாம் உயிரோடிருப்பது கணினிக்குத் தெரிந்துவிடும். எப்படியிருக்கிறோம் என்று அது கேட்பதில்லை. அதைக் கேட்கவே டிசம்பரில் ஒரு நாள் வருகிறது: ஒரே நிறுவனத்தில் உழைத்து ஓய்வுபெற்றவர்களின் சங்கம் நடத்தும் கிறிஸ்து பிறப்பு மதிய விருந்து.

அன்று மேலாளரும் வாயிற்காவலரும் அருகருகே அமர்கிறார்கள். பிரியாணி வருகிறது. சர்க்கரை நோயை ஒருநாள் மறந்து, இன்னொரு துண்டு கேக்கும் கேட்கிறோம். பேச்செல்லாம் பழைய ஷிப்டுகளைப் பற்றித்தான். மறைந்த தோழர்களுக்காக ஒரு நிமிடம் எழுந்தும் நிற்கிறோம். ஆனால் அவர்களுடைய மனைவியரை அழைத்திருக்கிறோமா? உறுப்பினர் பட்டியலில் கணவரின் பெயர் அடிக்கப்படும் நாளிலேயே, அவர்களுக்குரிய அழைப்பும் நின்றுவிடுகிறது. குடும்ப ஓய்வூதியம் மட்டும் வங்கிக்கு வந்துகொண்டிருக்கும்.

குழந்தை இயேசுவைக் கோவிலில் கண்டவர்களுள் ஒருவர் அன்னா. மணமாகி ஏழு ஆண்டுகளே கணவரோடு வாழ்ந்தவர். 84 வயதுக் கைம்பெண். மீட்புக்காகக் காத்திருந்த எல்லாரிடமும் அக்குழந்தையைப் பற்றிப் பேசியவர் அவர் என்கிறார் லூக்கா. அதே நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில், கைம்மாறு செய்ய இயலாதவர்களையே விருந்துக்கு அழைக்கச் சொல்கிறார் இயேசு. சந்தா கட்டாதவர் என்பது அங்கே ஒரு தடையாகத் தெரியவில்லை.

இவ்வாண்டு சங்கச் செயலரிடம் பழைய பட்டியலைக் கேட்போம். அடிக்கப்பட்ட பெயர்களுக்குப் பக்கத்தில் முகவரி இருக்கும். தனியே வர இயலாதவர்களை ஆட்டோவில் அழைத்துவருவது யார், படுக்கையில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோவது யார் என்பதை, சமையலுக்கு ஆள் சொல்லும்போதே பேசி வைப்போம்.