வண்டிக்குக் காய்ச்சலா, வெப்பமானிக்குப் பழுதா?

உடம்பு சுடுகின்றது என்று வருபவருக்கு மருத்துவர் வெப்பமானியை வைத்துப் பார்க்கின்றார். அந்த வெப்பமானியே பழுதுற்றிருந்தால் அவர் என்ன செய்வார்? நெற்றியிலே கைவைத்துப் பார்ப்பார். நாடியைப் பிடித்துப் பார்ப்பார். ஒரு சாட்சியை மற்றொரு சாட்சியோடு ஒப்புநோக்கி உண்மையைத் துணிவார். மோட்டார் வண்டியின் புகைக்குழாயிலே பொருத்தப்பட்டுள்ள வெப்ப உணரியைச் சோதிக்கும் முறையும் இத்தகையதே.

எஞ்சினில் எரிபொருள் எரிந்தபின் வெளியேறும் வாயு பல நூறு பாகை செல்சியசு வெப்பம் உடையது. பெற்றோல் வண்டிகளில் இவ்வாயுவின் நச்சுத்தன்மையைக் குறைப்பதற்கு ஊக்கிக்கலம் ஒன்று உண்டு. கராஜ்களில் இதனைக் கற்றலிக் கன்வேட்டர் என்பர். புதிய டீசல் வண்டிகள் பலவற்றில் கரித்துகளைத் தடுத்து நிறுத்தும் வடியும் இருக்கின்றது. அங்கே சேர்ந்த கரியை எரித்துத் தீர்ப்பதற்கு ஏறக்குறைய 600 பாகை வெப்பம் வேண்டும். வெப்பம் குறைந்தால் கரி எரியாது. அளவு கடந்தால் வடியே வெடித்துப் பாழாகும். ஆகவே வெப்பநிலையை இடைவிடாது அளந்து, வண்டியின் கணினிக்கு அறிவிக்கும் பணியை இச்சிறு உணரி செய்கின்றது.

இதன் அடிப்படை புதியதன்று. இருவேறு உலோகங்களின் இணைப்பைச் சூடாக்கினால் மின்விளைவு தோன்றுவதைச் சீபெக் என்னும் அறிஞர் 1821ஆம் ஆண்டில் கண்டார். சில பொருள்களில் வெப்பம் ஏற ஏற மின்தடை குறைவதை 1833இல் பரடே கண்டார். பிளாற்றினக் கம்பியின் தடை வெப்பத்தோடு சீராக உயர்வதைக் கொண்டு வெப்பத்தை அளக்கலாம் என்பதை 1871இல் வில்லியம் சீமென்சு எடுத்துக் காட்டினார். இன்றைய வண்டிகளின் உணரிகள் இம்மூன்று வழிகளுள் ஏதேனும் ஒன்றையே பின்பற்றுவன. எந்த வகை என்பதை வண்டியின் கைந்நூலிற் பார்த்துக்கொண்டே சோதனையைத் தொடங்குதல் வேண்டும். ஏனெனில், ஒருவகையிற் சரியான அளவு மற்றொரு வகையிற் பிழையாகும்.

இலங்கைக்கு ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் வந்த பழைய கார்கள் பலவற்றின் முகப்பிலே, ஜப்பானிய எழுத்துக்கள் பொறித்த விளக்கொன்று இருப்பதைப் பலர் கண்டிருப்பர். ‘ஹைகி ஒன்’ என்று வாசிக்கப்படும் அவ்வெழுத்துக்கள் வெளியேறும் வாயுவின் வெப்பத்தைக் குறிப்பன. பொறி பிடிக்காத சிலிண்டர் ஒன்றிலிருந்து எரியாத பெற்றோல் வெளியேறி ஊக்கிக்கலத்தினுள்ளே எரியத் தொடங்கினால், அக்கலம் செந்தணலாகும். அதனை எச்சரிப்பதற்கே இவ்விளக்கு அமைந்தது. அறுவடை முடிந்த காலத்திலே, படுவான்கரை வட்டைகளிலும் களவெட்டி ஓரங்களிலும் காய்ந்த வைக்கோலின்மேல் வண்டியை நிறுத்துவோர் இதனைக் கருத்திற் கொள்ளவேண்டும். விளக்கின் தொல்லை தாளாது வயரை வெட்டிவிடுபவர், தீயைப் பற்றிச் சொல்லவந்த தூதுவனின் வாயைக் கட்டுபவர் ஆவர்.

ஆயினும் தூதுவனும் சிலவேளை பொய் சொல்வதுண்டு. மட்டக்களப்பு வாவியின் சூழலில் அதற்குக் காரணங்கள் மிகுதி. எழுவான்கரையிலே ஒருபுறம் கடல், மறுபுறம் உவர்நீர் வாவி. உப்புக்காற்று பிளக்கின் உலோக முனைகளைப் பச்சைநிறமாகப் பூக்கச் செய்கின்றது. வடகீழ்ப் பருவமழைக் காலத்திலே தெருவிற் பாயும் வெள்ளம் சுடுகின்ற குழாயின்மீது தெறிக்கின்றது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டதன் பின்னர், முன்பு பாதையிலே ஏறிக் கடந்த வாவியை வண்டிகள் நேரே கடக்கின்றன. உப்பும் நீரும் மட்டும் மாறவில்லை.

சோதனையின் முதற்படி மிக எளியது. இரவு முழுவதும் நின்ற வண்டியிலே, காலையில் எஞ்சினை இயக்குமுன், ஸ்கேனர்க் கருவியை இணைத்துப் பார்த்தல் வேண்டும். அவ்வேளையில் எஞ்சினின் தண்ணீர், உள்ளிழுக்கும் காற்று, புகைக்குழாய் ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையிலேயே இருக்கும். இரண்டு 28 பாகை காட்ட, புகைக்குழாய் மட்டும் 400 பாகை காட்டுமாயின் அது பொய் என்பது வெளிப்படை. ஸ்கேனர் வேலைசெய்யாத பழைய காரிலும் இதே நியாயம் செல்லும். சாவியைத் திருப்பியவுடன் எரியும் எச்சரிக்கை விளக்குகள் எஞ்சின் இயங்கியதும் அணைவது இயல்பு. குளிர்ந்த வண்டியிலே வெப்ப விளக்கு மட்டும் அணையாது நின்றால் பழுது மின்சுற்றிலே உள்ளது. நெடுந்தூரம் ஓடியபின், எஞ்சின் குலுங்கும்போது மட்டும் எரிந்தால், வண்டியை வெறுந்தரையில் நிறுத்திப் பொறிபிளக்குகளை முதலிற் சோதித்தல் வேண்டும்.

இரண்டாவது, எஞ்சினை இயக்கி ஏற்றத்தைக் கவனித்தல். நல்ல உணரியின் அளவு படிப்படியாக உயரும். அசையாது நிற்பதும், ஒரே தாவலில் நூற்றுக்கணக்கான பாகை ஏறியிறங்குவதும் பழுதின் அடையாளங்கள். அவ்வேளையில் சூடான குழாயிற் படாமல் வயரைச் சிறிது அசைத்துப் பார்த்து எண் துள்ளினால், குற்றம் வயரிலோ பிளக்கிலோ உள்ளது.

மூன்றாவது, எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, பிளக்கைக் கழற்றி மல்ரிமீற்றரால் உணரியின் தடையை அளத்தல். பூச்சியப் பாகையில் 200 ஓம் காட்டும் பிளாற்றின உணரி, மட்டக்களப்பின் 30 பாகைச் சூட்டில் 220 ஓமைச் சற்றே கடந்து நிற்கும். ஒவ்வொரு பாகைக்கும் ஏறக்குறைய 0.77 ஓம் ஏறும். எனவே பச்சை பூத்த பிளக்கு 77 ஓமை வீணே கூட்டினால், கணினி 100 பாகை மிகுதியாகக் கணிக்கும். உணரியிலே யாதொரு குற்றமும் இராது! வெப்பம் ஏறத் தடை குறையும் வகையிலோ இதற்கு நேர்மாறாகும். அங்கே முனைகளுக்கிடையே கசியும் உப்பீரம், இல்லாத சூட்டை இருப்பதாகக் காட்டும்.

கணினி தரும் குறியீடும் இவ்வாறே பொருள் கொள்ளத்தக்கது. பி 0544 முதல் பி 0546 வரையான எண்கள் முதல் உணரியின் சுற்றிற் குறை உண்டு என்பனவேயன்றி, உணரி செத்தது என்று தீர்ப்புக் கூறுவன அல்ல. சுற்று என்பதனுள் உணரியும் வயரும் பிளக்கும் கணினியும் அடங்கும். பிளக்கைத் துடைத்து உலர்த்தி, வயரின் தொடர்ச்சியை அளந்து, இரண்டும் நன்றென்று கண்டபின்னரே புதிய உணரி வாங்குதல் முறை.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறந்தது. அதனால் இந்நாட்டிற் பல குடும்பங்கள் பழைய வண்டியையே பேணி ஓட்டுகின்றன. அவ்வண்டியிலேயே வட்டைக்கு விதைநெல்லும், ஆசுபத்திரிக்கு நோயாளரும் செல்லவேண்டியிருக்கின்றது. காசை வீணாக்கும் அவசர மாற்றமும் உயிருக்கு ஊறு செய்யும் அலட்சியமும் அவ்வீட்டாருக்குக் கட்டுப்படியாகா. குளிர்ந்த காலையிலே எடுத்த ஓர் அளவு இவ்விரண்டினின்றும் காக்கும்.