பஞ்சமும் தொலைநோக்கியும்

வானியல் வயிற்றுப்பாட்டுக்கு உதவாத கல்வி என்று கருதுவோர் நம்மிடையே பலர். கொடைக்கானல் வானாய்வு நிலையத்தின் வரலாறு அக்கருத்தை மறுக்கின்றது.

1876ஆம் ஆண்டு பருவமழை பொய்த்தது; சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. பசி தாளாது இலங்கையின் காப்பித் தோட்டங்களை நாடிக் கடல் கடந்தோர் மிகப் பலர். ஊவா மலைகளில் வாழும் நம்மவர்க்கு இச்செய்தி புதிதன்று. அப்பஞ்சமே ஒரு தொலைநோக்கியையும் மலையேற்றியது என்பதை அறிந்தவரோ சிலர்.

1792ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னையில் நிறுவிய வானாய்வு நிலையம் விண்மீன்களின் நிலைகளை அளந்து வந்தது. சூரியனிற் காணப்படும் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன. மழையும் அவற்றைப் பின்பற்றுமோ என்ற ஐயம் அந்நாளில் எழுந்தது. பஞ்சத்தை ஆராய்ந்த குழுவினர், சூரியனை இடைவிடாது அவதானித்தல் வேண்டுமென்றனர்.

அதற்குச் சென்னை ஏற்ற இடமன்று. அடுப்பின்மேல் எழும் வெப்பக் காற்றினூடே நோக்கினால் அப்பாலுள்ள பொருள் நடுங்கித் தோன்றும். சமவெளியின் தூசியும் கொதிப்பும் நிறைந்த காற்றினூடே சூரியனின் உருவமும் அவ்வாறே நடுங்கும். ஆகவே மிச்சி ஸ்மித் என்பார் பழனி மலைத்தொடரிலுள்ள கொடைக்கானலைத் தேர்ந்தார். 1899இல் அங்கே சூரிய ஆய்வு நிலையம் அமைந்தது. அதன் உயரம் ஏறத்தாழ 2,340 மீற்றர். நமது நமுனுகுல மலைச்சிகரத்தினும் 300 மீற்றர் மிகுதி.

அங்குப் பணியாற்றிய ஜோன் எவர்ஷெட், 1909இல் கரும்புள்ளிகளின் நிறமாலையை ஆராய்ந்தார். நம்மை நோக்கி வரும் வாயுவின் ஒளிக்கோடுகள் ஊதாப் பக்கமும், விலகிச் செல்வதன் கோடுகள் சிவப்புப் பக்கமும் நகரும். அந்நகர்வைக் கொண்டு, கரும்புள்ளியின் நடுவிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். இன்றும் அது எவர்ஷெட் விளைவு என்றே வழங்குகின்றது.

கரும்புள்ளிகளை எண்ணி மழையைத் திடமாக முன்னுரைக்கும் வழி பிறக்கவில்லை என்பது உண்மை. எனினும், ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அங்குச் சேர்ந்துள்ள சூரியப் படங்கள், சூரியனின் நெடுங்கால மாறுதல்களை ஆராய்வோர்க்கு இன்று அரிய கருவூலமாக உள்ளன.

பசித்தோர் சிலர் கடல் கடந்தனர். பசியின் காரணத்தை வினவிய அறிவு மலையேறிற்று. முன்னவர் வழிவந்த நம் மாணவர், பின்னதற்கும் உரிமையுடையோராதல் வேண்டும்.