ஏரும் படையும்: ஒரு குடியின் வழித்தடம்

அரசர்க்கு வமிசாவளி உண்டு. புலவர்க்கு ஆசிரிய மரபு உண்டு. கோயிலுக்குத் தலபுராணம் உண்டு. ஏர்பிடித்து உழுது, அழைப்பு வந்தபோது படைக்கலம் ஏந்திச் சென்று, உயிர் தப்பினால் மீண்டும் வயலுக்கே திரும்பிய எளிய குடிமகனுக்கு எழுதப்பட்ட வரலாறு எங்கே உண்டு? அவனுடைய பெயரனும் பெயர்த்தியும் தம் முன்னோனைத் தேடப் புகுந்தால் எந்த ஏட்டைப் புரட்டுவது? இவ்வினா பயனற்ற குலப்பெருமை பற்றியதன்று. ஒரு நாட்டின் வரலாற்றில் பொதுமக்களுக்கு எவ்வளவு இடம் தரப்பட்டிருக்கிறது என்பதை அளந்தறியும் கோல் அது.

ஐக்கிய அமெரிக்காவில் இத்தேடல் பெருவழக்காகியுள்ளது. 1775ஆம் ஆண்டு ஏப்பிரில் திங்களில் லெக்சிங்டன், கொன்கோட் என்னும் ஊர்களில் ஆங்கிலப் படையை எதிர்த்து நின்றவருட் பெரும்பாலோர் அயலூர் உழவர். அந்நாட்டின் முதற் குடிமதிப்பு 1790இல் எடுக்கப்பட்டது; அதிற் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே எழுதப்பட்டது, ஏனையோர் வெறும் எண்களாயினர். ஆயினும் 1832ஆம் ஆண்டுச் சட்டம், ஆறு திங்களேனும் போர்ச்சேவை புரிந்தவர்க்கு ஓய்வூதியம் வழங்க முன்வந்தது. முதிர்ந்த உழவர்கள் நீதிமன்றின் முன் நின்று தாம் பிறந்த ஊர், சேர்ந்த படை, கண்ட போர் ஆகியவற்றை வாக்குமூலமாகக் கூறினர். 1836இல் கைம்பெண்களுக்கும் அவ்வுரிமை கிடைத்தது. மணம் நடந்ததற்குச் சான்று காட்ட வேண்டியிருந்தமையால், குடும்ப விவிலிய நூலில் பிறப்பும் இறப்பும் குறித்துவைத்த தாள்களையே சிலர் கிழித்து அனுப்பினர். அத்தாள்கள் இன்று வாசிங்டன் சுவடிச்சாலையில் அரிய சான்றுகளாய் விளங்குகின்றன. அரசு பணம் கொடுக்க இசைந்தது. அதனால் ஏழையின் வரலாறு ஏடேறிற்று.

இனி நம் மலைநாட்டை நோக்குவோம். கண்டியிலிருந்து குருநாகல் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த கலகெதர, தும்பனைப் பகுதியின் தலைமை ஊர். இன்று பேருந்து நின்று செல்லும் அமைதியான கடைத்தெருவாகக் காணும் இவ்விடம், அன்று கண்டி இராச்சியத்தின் வாயில்களுள் ஒன்று. 1803ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஆங்கிலத் தளபதி மக்டோவலின் படை கண்டியை நோக்கி ஏறியபோது, கலகெதர, கிரிஹாகம என்னும் காவலரண்களைக் கைப்பற்றியே மேற்சென்றது. அவ்வரண்களைக் காத்தவர் யார்? பெரும்பாலும் கூலிக்கு அமர்ந்த நிலைப்படையினர் அல்லர். நிலத்தைப் பெற்று, அந்நிலத்திற்காகச் சேவை புரியக் கடமைப்பட்ட உழவரே. 1660இல் சிறைப்பட்டு ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள் இந்நாட்டில் வாழ்ந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலில், போர்வீரர்க்குச் சம்பளத்திற்குப் பதிலாக நிலம் அளிக்கப்பட்டமையைக் குறித்துள்ளார்.

இந்நிலச் சேவைமுறையே இராசகாரியம் எனப்பட்டது. சேவைக்குரிய நிலக்கூறு சிங்களத்தில் ‘பங்குவ’ எனப்படும். தமிழ்ப் ‘பங்கு’ என்னும் சொல்லே அவ்வடிவம் கொண்டது என்பதை மொழியறிந்தார் எளிதில் உணர்வர். போருக்குரிய குடி, பாரம் சுமக்கும் குடி, மட்கலம் வனையும் குடி என வெவ்வேறு சேவைக்கு வெவ்வேறு பங்குகள் இருந்தன. ‘ஹேவா’ என்றால் போர்வீரன். ‘ஹேவகே’ என்னும் பெயரை இன்று தாங்குவோன் பொருளறியாமலே தன்னைப் ‘போர்வீரன் வீட்டான்’ என்று அறிமுகஞ் செய்துகொள்கிறான். பொதிமாடுகளைக் கொண்டு சரக்கேற்றும் சேவைப் பிரிவு மடிகே எனப்பட்டது. அதில் முஸ்லிம் குடும்பங்கள் பெரும் பங்கு கொண்டிருந்தன. கலகெதரவை அடுத்த மடிகே என்னும் ஊர்ப்பெயர் அப்பழைய கடமையை இன்றும் நினைவூட்டுகிறது.

ஆகவே, கண்டி உழவனின் வழிமுறையைத் தேடுவோன் முதலில் ஆளைத் தேடலாகாது, நிலத்தைத் தேடவேண்டும். நிலம் எவ்வூரில் இருந்தது, எந்தப் பங்கைச் சார்ந்தது, என்ன சேவைக்குரியது என்பவற்றை அறிந்தால் ஆள் தானே வெளிப்படுவான். அரசர் அளித்த சன்னசுகள் செப்பேட்டிலும் ஓலையிலும் உள்ளன. லேகம் மிட்டி எனப்படும் ஓலைப் பதிவேடுகள் சேவையாளரையும் அவர்தம் நிலத்தையும் நிரல்படுத்தின. கண்டியில் மாவட்ட நீதிபதியாகப் பணியாற்றிய ஆச்சிபால்ட் லோரி, 1896இலும் 1898இலும் இரு பாகங்களாக வெளியிட்ட மத்திய மாகாணத் தொகுப்பேடு, ஊர் ஊராக அங்குள்ள குடும்பங்களையும் சன்னசுகளையும் நிலவழக்குகளையும் எடுத்துக் கூறுகிறது. கரையோரப் பகுதியிலோ போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் எழுதிய தோம்புகள் உண்டு. யாழ்ப்பாணத்தார்க்குத் தோம்பு என்னும் சொல்லை விளக்க வேண்டுவதில்லை.

தேடலில் இடர்களும் உள. கண்டி மரபில் திருமணம் இருவகைத்து. மனைவி கணவன் வீடு செல்வது தீக. கணவன் மனைவி வீடு வந்து வாழ்வது பின்ன. பின்ன மணத்திற் பிறந்த பிள்ளைக்குத் தாய்வழி நிலமே முதன்மையாதலின், தந்தைவழியை மட்டும் பற்றிச் செல்வோன் பாதி வழியில் தடுமாறுவான். உடன்பிறந்த ஆடவர் இருவர் ஒருத்தியை மணந்து வாழும் வழக்கமும் அன்று இருந்தது. 1859ஆம் ஆண்டின் கண்டி விவாகச் சட்டமே அதனை விலக்கித் திருமணப் பதிவையும் கட்டாயமாக்கிற்று. இன்றைய அளவுகோலைக் கொண்டு அன்றைய குடும்பத்தை அளப்பது பிழை.

ஈண்டு ஓர் ஒற்றுமையைக் கருதுக. அமெரிக்க உழவனுக்கு ஓய்வூதியம் கிடைத்த அதே 1832ஆம் ஆண்டில், கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி இலங்கையில் அரசுக்குரிய இராசகாரியம் நீக்கப்பட்டது. கட்டாய உழைப்பு ஒழிந்தது நன்றே, அதில் ஐயமில்லை. ஆயினும் சேவை ஒழியவே, சேவையாளர் பெயரை ஆண்டுதோறும் எழுதிவைக்கும் தேவையும் ஒழிந்தது. அங்கே ஒரு சட்டம் எளியவரைப் பேசவைத்தது. இங்கே ஒரு சட்டம் அவரை விடுவித்து, அத்துடன் அவர் பெயரையும் ஏட்டினின்று விடுவித்தது. கோயில் நிலங்களிற் சேவை தொடர்ந்தமையால், 1870ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எழுந்த பதிவேடுகளில் மட்டும் பங்குகளும் பங்குடையோரும் மீண்டும் ஏடேறினர்.

இவையெல்லாம் பழங்கதை, நமக்கென்ன என்று மலையகத் தமிழர் கூறவியலாது. தந்தை இலங்கையிற் பிறந்தவர், அல்லது பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்தவர் என்று காட்டுமாறு 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் கேட்டது. கோப்பிக் காலத்தில் காட்டுவழி நடந்து வந்து, லயத்தில் மணந்து, லயத்திற் பிறந்து, லயத்தில் மாண்டவர்க்கு அச்சான்றை எவர் எழுதிக் கொடுத்தார்? தோட்டத்துச் செக்ரோல் அவர்தம் நாட்கூலியைக் குறித்தது. 1921இல் ஒழிக்கப்பட்ட துண்டு அவர்தம் கடனைக் குறித்தது. பாட்டன் பிறந்த இடத்தைக் குறிக்க எவர்க்கும் தேவையிருக்கவில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியவராகப் பகுத்தது; எஞ்சியோர் பின்னர்ப் பங்கிடப்பட்டனர். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே நெடுநாள் வழக்கை முடித்துவைத்தது. வமிசாவளி செல்வர்க்கு அணிகலன். எளியவர்க்கு அதுவே உரிமைச்சீட்டு.

இதனால் ஆசிரியர்க்கு ஒரு கடமை எழுகிறது. ஒவ்வொரு மாணவனும் தன் பாட்டனோடு பாட்டியின் பெயரையும், அவர் பிறந்த ஊரையும், செய்த தொழிலையும், இடம்பெயர்ந்த காரணத்தையும் முதியோர் வாய்மொழியாகக் கேட்டு எழுதட்டும். கேட்டதையும் ஏட்டிற் கண்டதையும் வேறு வேறாகக் குறிக்கட்டும். பெருமைக்காக ஓர் அரசனையும் முன்னோனாகப் புனைய வேண்டா. வறுமைக்கு நாணி ஒரு கூலியாளையும் மறைக்க வேண்டா. கண்டி உழவனின் பெயரனும், தோட்டத் தொழிலாளியின் பெயர்த்தியும் ஒரே வகுப்பில் அமர்ந்து இதனை எழுதுவார்களாயின், இருவர் முன்னோரும் இம்மலையில் உழைத்த உழைப்பை இருவரும் அறிவர். அவ்வறிவு நூறு மேடைப்பேச்சினும் நாட்டுக்கு நன்மை பயக்கும். முதியோர் நம்மிடையே உள்ள காலம் குறுகியது. கேட்கவேண்டியதை இன்றே கேட்போமாக.