ஈறில் ரத்தம் கசிகிறதா?

பல் சொத்தைக்கு எல்லோரும் சர்க்கரையைத்தான் திட்டுகிறோம். அந்தச் சர்க்கரையைத் தின்று வாயில் உள்ள பாக்டீரியா வெளியிடும் அமிலமே பல்லைக் கரைக்கிறது. ஒவ்வொரு மிடறுக்குப் பிறகும் அமிலம் அடங்க அரை மணி நேரமாவது ஆகும். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கிளாஸ் தே தாரேக்கை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் கதை பேசும் நம் கூட்டத்தின் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்!

சொத்தையாவது வலித்துக் காட்டிக்கொடுக்கும். ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காது. துலக்கும்போது ரத்தம் கசியும். பிரஷ் முரடு என்று விட்டுவிடுவோம். ஈறோரம் படியும் படலத்தில், காற்றுப் புகாத இடுக்குகளில், போர்பிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் போன்ற பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. அவற்றை உடல் எதிர்க்கும்போது ஈறு வீங்குகிறது. நாளடைவில் பல்லைத் தாங்கும் எலும்பே கரைகிறது. அந்த அழற்சியில் உருவாகும் பொருள்கள் ரத்தத்தில் கலந்து இன்சுலினின் வேலையைக் கெடுக்கின்றன. சர்க்கரை ஏறினால் ஈறு மேலும் மோசமாகும்.

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 5 பேரில் ஒருவருக்கு இனிப்பு நீர். இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களே அதிகம். கிள்ளானில் இருக்கும் என் பெரியம்மா பத்து ஆண்டுகளாக மாத்திரை சாப்பிடுகிறார். கண், கால் எல்லாம் பரிசோதித்தாயிற்று. ஈறை யாரும் பார்த்ததில்லை. ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்ற இனிப்பு நீர் நோயாளிகளுக்குச் சில மாதங்களில் சர்க்கரை அளவு ஓரளவு குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அதற்காக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

இரவிலும் ஃபுளோரைடு பற்பசையால் துலக்குங்கள். பல் இடுக்குகளையும் சுத்தம் செய்யுங்கள். கல்லாக இறுகிவிட்ட படலம் பிரஷுக்கு அசையாது, பல் மருத்துவர்தான் சுரண்டி எடுக்க வேண்டும். பெரியம்மாவை இந்த விடுமுறையில் அழைத்துப் போகிறேன், இனிப்பு நீர் சிகிச்சைப் புத்தகத்தோடு.