சாம்பல் சொன்ன சாட்சி

1991 டிசம்பர் 23 அன்று காலை, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கோர்சிகானா என்ற ஊரில் ஒரு மர வீடு தீப்பிடித்தது. 2 வயதுப் பெண் குழந்தையும், 1 வயதான இரட்டைப் பெண் குழந்தைகளும் இறந்தார்கள். உயிர் தப்பிய தந்தை கேமரூன் டாட் வில்லிங்ஹாம், பெற்ற பிள்ளைகளைத் தீ வைத்துக் கொன்றதாகக் கைதானார். குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஆயுள் தண்டனையோடு முடித்துக்கொள்ளலாம் என்றது அரசுத் தரப்பு. அவர் மறுத்துவிட்டார். 1992-இல் ஜூரி சுமார் ஒரு மணி நேரம் கூடிப் பேசி அவரைக் குற்றவாளி என்றது. 2004 பிப்ரவரி 17-இல் விஷ ஊசி போட்டு மரண தண்டனையை நிறைவேற்றினார்கள். தவறான தீர்ப்பு என்றாலே லஞ்சமும் லாக்கப் அடியும்தான் நமக்கு நினைவுக்கு வரும். இந்த வழக்கின் அச்சாணி அது எதுவுமல்ல. தங்கள் தொழிலை நேர்மையாகச் செய்வதாக நம்பிய இரண்டு தீ விசாரணையாளர்களின் வார்த்தைதான்.

அவர்கள் 20-க்கும் மேற்பட்ட அடையாளங்களைக் கண்டார்கள். தரையில் குட்டை குட்டையாகக் கருகிய தடங்கள் இருந்தன. ஆகவே எரிபொருள் ஊற்றப்பட்டிருக்கிறது என்றார்கள். ஜன்னல் கண்ணாடியில் வலைப்பின்னலாக நுண்ணிய விரிசல்கள் இருந்தன. ஆகவே சூடு சட்டென்று ஏறியிருக்கிறது, அதற்கும் எரிபொருள்தான் காரணம் என்றார்கள். இருவரில் ஒருவர், தான் 1,200 முதல் 1,500 தீ விபத்துகளை ஆராய்ந்தவர் என்றும், அவற்றில் ஏறக்குறைய எல்லாமே வேண்டுமென்று வைத்த தீ என்றும் சாட்சி சொன்னார். கேட்டவர்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டிய இடம் அது. ஆனால் அதுவே அனுபவ முத்திரையாக எடுபட்டது. அவர் சொன்னது தவறென்று அவருக்கு எப்படித் தெரியவரும்? அவர் தீவைப்பு என்கிறார், ஜூரி தண்டிக்கிறது, அந்தத் தண்டனையே அவர் சொன்னது சரி என்பதற்கு ஆதாரமாகிவிடுகிறது. பலன் பொய்த்ததென்று திரும்பி வந்து கேட்க ஆளில்லாத ஜோசியரின் அனுபவம் அது. ஆண்டு கூடக்கூட நம்பிக்கை கூடும். அறிவு கூட வேண்டிய அவசியமில்லை.

யாராவது சோதித்துப் பார்த்தபோதுதான் உண்மை வெளிவந்தது. ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில், 6 பேர் இறந்த ஒரு தீ வழக்கிலும் தந்தையே குற்றம்சாட்டப்பட்டிருந்தார். அரசுத் தரப்பே 1991-இல், அதே தெருவில் அதே அமைப்பில் இருந்த வேறொரு வீட்டை எரித்துப் பார்க்க ஏற்பாடு செய்தது. ஒரு சோபாவில் தீ வைத்தார்கள். எரிபொருள் ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை. மேலே திரண்ட புகையும் சூடான வாயுவும் ஒரு கட்டத்தில் அறையிலுள்ள அனைத்தையும் ஒரே நேரத்தில் பற்றவைத்தன. ‘ஃபிளாஷ் ஓவர்’ எனப்படும் அந்த நிலை 5 நிமிடங்களுக்குள் வந்துவிட்டது. தீ அணைந்த பிறகு பார்த்தால், ஊற்றி எரித்ததன் அடையாளம் என்று பாடம் சொல்லித்தந்த அதே குட்டைத் தடங்கள் தரையில் கிடந்தன. வழக்கைக் கைவிட்டார்கள். கண்ணாடி விரிசலின் கதையும் இப்படித்தான். கலிஃபோர்னியாவில் ஓக்லாந்து மலைப்பகுதியில் அதே ஆண்டு காட்டுத்தீயில் எரிந்த வீடுகளிலும் அந்த விரிசல்கள் இருந்தன. ஆய்வகத்தில் சோதித்தபோது, வேகமாகச் சூடேறிய கண்ணாடி அப்படி விரிசல் விடவில்லை. சூடான கண்ணாடிமேல் தண்ணீர் பட்டபோது விட்டது. தீயணைப்பு வீரர்கள் பீய்ச்சிய தண்ணீரின் தடத்தைத்தான் கொலைகாரனின் தடமென்று நீதிமன்றங்கள் நம்பியிருக்கின்றன.

வில்லிங்ஹாமுக்கு எதிராக வேறு சாட்சியமும் இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. சிறையில் தன்னிடம் ஒப்புக்கொண்டதாக ஒரு கைதி சொன்னார். பிறகு அதை மறுத்தார். மனைவியை அடித்தவர் என்பதும் உண்மை. ஆனால் தீவைப்பு என்று நிபுணர்கள் முடிவுகட்டிய பிறகு மற்றவையெல்லாம் அந்த வெளிச்சத்தில்தான் பார்க்கப்பட்டன. அவர் கதறியதை முதலில் சொன்ன அக்கம்பக்கத்தாருக்கே பிறகு அந்த அழுகை நடிப்பாகத் தெரிந்தது. எரியும் வீட்டருகிலிருந்து காரைத் தள்ளி நிறுத்தியது கல்நெஞ்சுக்குச் சான்றானது. சுவரில் தொங்கிய ‘அயர்ன் மெய்டன்’ ராக் குழுவின் போஸ்டரைக்கூட நீதிமன்றத்தில் விளக்கம் கேட்டு மனோதத்துவப் பொருள் கண்டார்கள்! தீவைப்பே இல்லையென்றால் அங்கே குற்றமே இல்லை. ‘கடுமையாகச் சோதித்தால் குற்றவாளி தப்பிவிடுவான்’ என்ற வாதத்துக்கு இங்கே இடமில்லாமல் போவது இதனால்தான்.

குறுக்கு விசாரணை எதற்கு இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. எதிர்த்தரப்பு வக்கீல்கள் ஒரு தீ நிபுணரைத் தேடிக் கேட்கத்தான் செய்தார்கள். அவரும் இது தீவைப்பு என்றே சொன்னார். ஒரு தொழிலே கூடித் தவறாக நம்பும்போது எந்த வக்கீலின் சாமர்த்தியமும் எடுபடாது. அறிவியல் தன்னைத் திருத்திக்கொள்ளும் என்பதும் சரிதான். அமெரிக்காவின் தேசியத் தீ பாதுகாப்புச் சங்கம் விசாரணைக்கான புதிய நெறிமுறையை வெளியிட்டது வில்லிங்ஹாம் வழக்கு நடந்த அதே 1992-இல். தூக்குமேடை நிழலில் இருப்பவனுக்கு அது வந்து சேர வேண்டுமே! தண்டனைக்குச் சில நாள் முன்பு ஜெரால்ட் ஹர்ஸ்ட் என்ற வேதியியலாளர், தீவைப்புக்கு ஆதாரமே இல்லை என்று அறிக்கை அனுப்பினார், தண்டனை நிற்கவில்லை. டெக்சாஸில் இதேபோன்ற வழக்கில் 17 ஆண்டுகள் சிறையிலிருந்த எர்னஸ்ட் வில்லிஸின் தீயையும் அதே ஹர்ஸ்ட் ஆராய்ந்தார். அங்கே அரசு வழக்கறிஞர் அவர் பேச்சைக் கேட்டார். 2004 அக்டோபரில் வில்லிஸ் வீடு திரும்பினார். இருவருக்கும் இடையில் இருந்தது எட்டு மாதமும், காதுகொடுத்துக் கேட்ட ஓர் அதிகாரியும். காலாவதியான அறிவியலால் தண்டிக்கப்பட்டவர்கள் மறுபடி நீதிமன்றம் போக டெக்சாஸ் 2013-இல்தான் தனிச் சட்டம் இயற்றியது. தண்டனை விழுவதற்கு முன்னாலேயே, நிபுணர் கூண்டேறும்போது நீதிபதி கேட்கக்கூடியது ஒன்று உண்டு: உங்கள் முறையைச் சோதித்தது யார், எத்தனை முறை தவறியது? அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1993-லேயே, டாபர்ட் என்ற வழக்கில், நிபுணர் முறைகளின் பிழை விகிதத்தையும் கணக்கில் எடுக்கச் சொல்லிவிட்டது. ஆனாலும் கிரிமினல் நீதிமன்றங்களில் பழைய தீர்ப்புகளில் ஏற்கப்பட்டது என்ற ஒரே காரணத்துக்காகப் பல தடயவியல் முறைகள் இன்றும் உள்ளே வருகின்றன.