விலைப்பட்டியலை வெற்று எழுத்தில் வையுங்கள்

‘உடப்புசல்லாவை ரயில் பாதை’ என்று ஒன்று இருந்தது. 1903 இல் நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கும், 1904 இல் ராகலை வரைக்கும் அது ஓடியது. பெயர் உடப்புசல்லாவையாக இருந்தாலும் தண்டவாளம் நமது ஊரை எட்டவில்லை. அது இரண்டரை அடி அகலமான சிறிய பாதை. கொழும்பிலிருந்து வரும் பிரதான பாதையோ ஐந்தரை அடி. எனவே தேயிலைப் பெட்டியானாலும் அரிசி மூடையானாலும் நானுஓயாவில் ஒரு வண்டியிலிருந்து இறக்கி மற்ற வண்டியில் ஏற்றியாக வேண்டும். கூலி, தாமதம், சேதம் மூன்றும் அதில் உண்டு. 1940களில் அந்தப் பாதை மூடப்பட்டது.

இன்று நமது கடைகளின் கணனியில் இதே ஏற்றி இறக்கும் வேலைதான் நடக்கிறது. விலைப்பட்டியல் ஒரு மென்பொருளில் இருக்கும். பெருநாள் விளம்பரம் அச்சகத்தில் வேறு எழுத்துருவில் இருக்கும். இணையத்தளத்துக்கு ஒரு தம்பி மறுபடியும் டைப் செய்து கொடுப்பார். சீனியின் விலை மாறினால் நாலு இடத்தில் திருத்த வேண்டும். மூன்றில் திருத்தி ஒன்றை மறந்துவிடுவோம். அந்த ஒன்றைப் பார்த்துவிட்டு வாடிக்கையாளர் வந்து நிற்பார்.

இதற்குச் செலவில்லாத ஒரு வழி உண்டு. பட்டியலையும் அறிவித்தலையும் வெற்று எழுத்துக் கோப்பாக, அதாவது கணனியிலுள்ள ‘நோட்பேட்’டில் எழுதுவதுபோல, ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதை இணையப் பக்கமாக மாற்றும் வேலையை ‘பிளக்-இன்’ பார்த்துக்கொள்ளும். பிளக்-இன் என்பது இணையத்தளத்தில் சொருகிக்கொள்ளும் சிறு மென்பொருள்.

எப்படி வேலை செய்கிறது?

2004 ஆம் ஆண்டு ஜோன் குரூபர் என்ற அமெரிக்கர், ஆரன் ஸ்வார்ட்ஸின் ஒத்துழைப்போடு ‘மார்க்டவுன்’ என்ற முறையை வெளியிட்டார். கணனி மொழி தெரியாதவரும் பத்து நிமிடத்தில் பழகலாம். ஒரு வரியின் முன்னால் # குறி போட்டால் அது தலைப்பு. வரிகளின் முன்னால் சிறு கோடு போட்டால் அது பட்டியல். இடையில் ஒரு வெற்று வரி விட்டால் புதிய பந்தி. இந்தக் குறிகளைப் பார்த்து பிளக்-இன் பக்கத்தை அமைத்துவிடும். உலகில் மிக அதிகமாகப் பயன்படும் இணையத்தள மென்பொருளான ‘வேர்ட்பிரஸ்’ஸில் இதற்கான பிளக்-இன்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

விலைப்பட்டியலுக்கு இன்னும் இலகுவான வழி, காற்புள்ளியால் பிரித்து எழுதுவது. பொருள், அளவு, விலை என்று ஒரு வரிக்கு ஒரு பொருள். ‘டேபிள்பிரஸ்’ போன்ற பிளக்-இன் அந்தக் கோப்பை எடுத்துக் கட்டம் போட்ட அட்டவணையாகக் காட்டும். விலை மாறினால் கோப்பைத் திருத்தி மீண்டும் ஏற்றினால் போதும். ஒரு கவனம்: ஆயிரத்து இருநூற்றைம்பது ரூபாயை 1250 என்றே எழுதுங்கள். நடுவில் காற்புள்ளி போட்டால் விலை இரண்டு கட்டங்களாக உடைந்துவிடும்.

அதே கோப்பைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கடைச் சுவரிலும் ஒட்டலாம். விலைப்பட்டியலைக் காட்சிக்கு வைக்கும்படி 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் கேட்கிறது.

தமிழ் எழுத்தில் ஒரு சிக்கல்

இலங்கை அச்சகங்களில் நெடுங்காலம் அரசோச்சியது ‘பாமினி’ எழுத்துரு. அதில் டைப் செய்த கோப்பை, பாமினி இல்லாத கணனியில் திறந்தால் ஆங்கில எழுத்துக்கள் சிதறிக் கிடப்பதுபோல் தெரியும். வெற்றுக் கோப்பில் எழுத்துரு தங்காது. ஆகவே பாமினி இங்கே உதவாது. இணையத்தில் ‘அரிசி’ என்று தேடுபவருக்கும் அந்தக் கோப்பு அகப்படாது. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யுனிகோட் முறையில்தான் எழுத வேண்டும். சேமிக்கும்போது ‘யூ.டி.எப்-8’ என்பதைத் தெரிவு செய்யுங்கள். பழைய கணனிகளில் இதைக் கவனிக்காமல் சேமித்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும். பாமினியில் உள்ள பழைய பட்டியல்களை யுனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன.

எழுத்தை மட்டும் பத்திரமாக வைத்தால் என்ன பயன் என்பதற்கு ‘மதுரைத் திட்டம்’ நல்ல உதாரணம். சுவிட்சர்லாந்தில் வாழும் கலாநிதி கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று அதைத் தொடங்கினார். தொண்டர்கள் பழந்தமிழ் நூல்களை டைப் செய்து இலவசமாகக் கொடுத்தார்கள். 1999 இல் ‘திஸ்கி’ குறியீட்டுக்கும் 2004 இல் யுனிகோடுக்கும் மாறினார்கள். இரண்டு முறை பாதை மாறியும் நூல்களை மறுபடி டைப் செய்ய வேண்டியிருக்கவில்லை.

மறுபுறம், யாஹூ நிறுவனம் 2009 இல் தனது ‘ஜியோசிட்டீஸ்’ சேவையை மூடியபோது, வேறு பிரதி வைத்திராதவர்களின் பக்கங்கள் அதோடு போயின. கடை வாடகைக்கு இருக்கலாம். சரக்கு நமதாக இருக்க வேண்டும்.

கடைக்கு வெளியே ஒரு பிரதி

நமது சமூகத்துக்கு இதில் கசப்பான அனுபவமும் உண்டு. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம்களின் கடைகள் தாக்கி எரிக்கப்பட்டன. அப்போது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் என்பவற்றை அரசாங்கம் சில நாட்கள் முடக்கியது. 2019 ஏப்ரலில் ஈஸ்டர் தாக்குதல்களின் பின்னரும் சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டன. பேஸ்புக் பக்கத்தை மட்டும் நம்பியிருந்த வியாபாரிக்கு அந்த நாட்களில் இணையக் கடையும் பூட்டுத்தான்.

அதைவிட முக்கியம் சரக்குப் பட்டியல். தீயோ மண்சரிவோ வந்து நட்டஈடு கேட்கப் போனால், “கடையில் என்ன சரக்கு இருந்தது?” என்பதுதான் முதல் கேள்வி. கொப்பி கடையோடு போயிருந்தால் வாயால் சொல்வதை யார் ஏற்பார்கள்? ஆயிரம் பொருள்களின் பட்டியல் வெற்று எழுத்தில், போனில் எடுக்கும் ஒரு புகைப்படத்தின் இடத்தைக்கூடப் பிடிக்காது. வாரம் ஒருமுறை அதை மகனின் போனுக்கோ மின்னஞ்சலுக்கோ அனுப்பி வைப்பது பெரிய வேலையல்ல.

அமானிதத்தை மறக்க வேண்டாம்

கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி சூரா பகராவின் 282 ஆவது வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. குர்ஆனின் மிக நீளமான வசனம் அதுதான். ஆனால், எழுதியதையெல்லாம் ஊருக்குக் காட்டச் சொல்லவில்லை. தோட்டத்துச் சனங்கள் சம்பளத்துக்குச் சம்பளம் கடனுக்குச் சாமான் வாங்குகிறார்கள். யார் எவ்வளவு பாக்கி என்பது நம்மிடமுள்ள அமானிதம். ஒரு கோப்புறையில் உள்ள எல்லாவற்றையும் பக்கமாக்கிவிடும் பிளக்-இன்களும் உண்டு. அதனால் விலைப்பட்டியலை ஒரு கோப்புறையிலும் கடன் கணக்கை முற்றிலும் வேறோர் இடத்திலும் வையுங்கள். கடன் கணக்குக் கோப்பு இணையத்தளம் இருக்கும் பக்கமே போகக் கூடாது.

பட்டியலின் முதல் வரியில் திகதியைப் போடுங்கள். மேலே காய்ந்த தானியத்தைக் காட்டி ஈரமானதை அடியில் வைத்திருந்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததை நாம் அறிவோம். போன மாத விலையை இன்றைய விலைபோல் காட்டி ஆளை வரவழைப்பதும் அந்த ரகத்தில்தான் சேரும்.

தொடங்குவதற்கு இணையத்தளம்கூட வேண்டியதில்லை. இன்றிரவு கடை பூட்டியதும் அதிகமாக விற்கும் இருபது பொருள்களை, வரிக்கு ஒன்றாக, யுனிகோட் தமிழில் எழுதிச் சேமியுங்கள். நாளை இணையத்தளம் அமைக்க ஒருவரைப் பிடித்தால் அந்தக் கோப்பை அவரிடம் கொடுங்கள். “இதை நான் திருத்தினால் பக்கமும் மாற வேண்டும்” என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கு அவர் முடியாது என்றால் வேறு ஆளைப் பாருங்கள். அல்லாஹ் நமது வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக.