கார்செட்டில் கம்பிக்கு என்ன வேலை?

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியப் பெண்கள் இடையை இறுக்க அணிந்த கார்செட் என்றதும் பலருக்கும் அதிலுள்ள கம்பிகள்தான் நினைவுக்கு வரும். உடலை நெரித்தவை அவையே என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. தையலைப் பிரித்துப் பார்த்தால் அது தவறென்று புரியும். முதுகுப்புறக் கயிற்றை இழுக்கும்போது இடையை வளைத்து அழுத்துவது துணிதான். அதற்கென்றே கூட்டில் என்ற கெட்டியான பருத்தித் துணியை நெருக்கமாக நெய்தார்கள். எவ்வளவு இழுத்தாலும் அது நெகிழாது. ஆனால் துணி மட்டும் இருந்தால் மேலும் கீழும் சுருண்டு, இடையில் வடம்போலத் திரண்டுவிடும். அப்படித் திரளாமல் விரித்துப் பிடிப்பதே கம்பியின் வேலை. பட்டத்தில் காற்றை வாங்குவது தாள். ஈர்க்குச்சி அதை விரித்து வைக்கிறது, அவ்வளவுதான். இடை எங்கே ஒடுங்க வேண்டும், மார்பும் இடுப்பும் எங்கே விரிய வேண்டும் என்பதெல்லாம் துண்டுகளை வெட்டும்போதே முடிவாகிவிடும். அந்தக் கணக்கைக் கையில் வைத்திருந்த வெட்டுக்காரர்களையும் தையல்காரப் பெண்களையும் பற்றி உடை வரலாறுகள் போதிய அளவு பேசாதது பெரிய குறை.

உருக்குப் பட்டைகள் பரவலாகும் முன்பும், பரவிய பிறகு நெடுங்காலமும், உயர்தரக் கார்செட்டுகளில் கம்பியாக வைத்துத் தைத்தது பலீன் என்ற பொருள். திமிங்கலத்தின் எலும்பு என்று பலர் எண்ணும் இது உண்மையில் எலும்பே அல்ல. பல்லில்லாத் திமிங்கலங்களின் மேல்தாடையில் வரிசையாகத் தொங்கி, கடல்நீரிலிருந்து இரையை வடிகட்டும் தகடு இது. நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டினால் ஆனது. ஆர்க்டிக் கடலின் வில்தலைத் திமிங்கலத்தில் ஒரு தகடு 4 மீட்டர் வரைகூட வளரும். நார்ப்போக்கில் மெல்லிய கீற்றுகளாகப் பிளக்கலாம். சூடாக்கினால் வளையும், ஆறினால் அந்த வளைவிலேயே நிற்கும். அணிந்தவளின் உடற்சூட்டிலேயே மெல்ல இளகி அவள் உடலுக்கு இணங்கிவிடும் இந்தக் குணம் உருக்குக்கு இல்லை. இந்த அருமையே திமிங்கலத்துக்கு எமனாயிற்று. விளக்கெரிக்க மண்ணெண்ணெய் வந்ததும் திமிங்கல எண்ணெயின் மதிப்பு சரிந்தது. பலீனின் விலையோ ஏறியது. தகடுகளை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு மலைபோன்ற உடலைக் கடலிலேயே விட்டுச்சென்ற கப்பல்கள் உண்டு. ஓர் ஆடைக்காக இப்படி உயிரை வீணடித்ததற்கு எந்தச் சமாதானமும் போதாது. 1883-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் எட்வர்ட் வாரன் வான்கோழி இறகின் தண்டுகளிலிருந்து மாற்றுப் பொருளைச் செய்து காட்டினார். அது நன்றாகவே விற்றது.

அழுத்தியது துணியோ கம்பியோ, உடலுக்குக் கேடுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இறுக்கம் விலா எலும்புகளின் வளைவை மாற்றியது உண்மை. பாரிஸ், லண்டன் அருங்காட்சியகங்களில் உள்ள எலும்புக்கூடுகளை ஆராய்ந்த மானுடவியலாளர் ரெபெக்கா கிப்சன் அந்த மாற்றத்தைப் பதிவு செய்திருக்கிறார். அதே பெண்களில் பலர் முதுமைவரை வாழ்ந்ததையும் அவர் சுட்டுகிறார். இடை அளவைப் பற்றிய கதைகளையும் சற்றுத் தள்ளியே வைக்க வேண்டும். கார்செட்டின் பின்புற விளிம்புகளுக்கு இடையே சில அங்குலம் விட்டுக் கட்டுவது சாதாரண வழக்கம். எஞ்சியிருக்கும் ஒரு கார்செட்டை முழுதாக மூடி அளந்தால் துணியின் அளவு கிடைக்கும். அதை அணிந்தவளின் இடை அதைவிடப் பெரிதாகவே இருந்திருக்கும்.